பதினோராம் இலக்க விண்ணப்பம்

லண்டன் உள்ளூராட்சிக் கவுன்சில்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம்மவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். வேலை முறைகளைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், அது வேண்டாம். இக்கட்டான நேரத்தில் நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள் என்றீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால், நான் ஏதோ சாதித்திருப்பேன் என்று நம்பிக் கேட்டது போல் இருந்தது. நான் ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டினார்கள். மூன்று பேர் எழுந்து என் நேர்மையைப் புகழ்ந்தார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த நேர்மையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வாசித்து முடித்தபின் கேக்கைத் திருப்பித் தரச் சொன்னாலும் குறை நினைக்க மாட்டேன்.

தென் லண்டனில் ஒரு கவுன்சிலில், கூட்டங்களை ஒழுங்கு செய்யும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். அறை பிடிப்பது, நிகழ்ச்சிநிரல் அனுப்புவது, பேசியதைக் குறிப்பெடுப்பது, பேசாததைக் குறிப்பில் வராமல் பார்த்துக்கொள்வது. கடைசிப் பத்து வருடத்தில் இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. திட்டமிடல் ஆலோசனைக் குழுவுக்குத் தொண்டர்களைத் தெரிவு செய்வது.

இந்தக் குழு என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெரிய கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பதா இல்லையா என்று வாக்களிப்பவர்கள் கவுன்சிலர்கள். அதற்கு முன், அங்கே குடியிருக்கும் பன்னிரண்டு சாதாரண ஆட்கள் வரைபடங்களைப் பார்த்து, இது சரி, இது பிழை என்று சொல்வார்கள். சம்பளம் கிடையாது. பஸ் செலவும் ஒரு சான்ட்விச்சும் உண்டு. இவர்கள் சொன்னால் நடந்துவிடும் என்றில்லை. ஆனால் ஒருமுறை, கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், "இந்தக் கதவை ஒரு கையால் எப்படித் திறப்பது?" என்று கேட்டார். கட்டடக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் வந்த புதிய வரைபடத்தில் கதவு மாறியிருந்தது. படித்தவர்கள் எட்டுப் பேர் பார்த்தும் தெரியாத விஷயம் அது. அன்றிலிருந்து அந்தக் குழுவின் மேல் எனக்கு மதிப்பு.

முதல் வருடம் நூலகத்தில் விளம்பரம் ஒட்டினோம். வந்தவர்களில் பாதிப்பேர் பூங்காவை ஒட்டிய தெருக்களில் சொந்த வீடு வைத்திருந்த ஓய்வூதியர்கள். நல்ல மனிதர்கள். எந்த வரைபடத்தைக் காட்டினாலும் மரங்களைப் பற்றியே கேட்பார்கள். அவர்களோடு ஒரு வீட்டுத் தரகரும் வந்து சேர்ந்துவிட்டார். ஆள் குடியிருந்தது வேறு பக்கம், கடை மட்டும் எங்கள் எல்லைக்குள். படிவத்தில் "இங்கே வசிப்பவர் அல்லது இங்கே வேலை செய்பவர்" என்று இருந்தபடியால் அவரை மறுக்க முடியவில்லை. எதைப் பார்த்தாலும் அவருக்கு விலைதான் தெரிந்தது. ஒரு வருடம் பொறுத்துக்கொண்டு, அடுத்த தெரிவு வருமுன் "அல்லது இங்கே வேலை செய்பவர்" என்ற சொற்களைப் படிவத்திலிருந்து நானே வெட்டி எடுத்தேன். யாரும் சொல்லவில்லை. குழுத் தலைவியான கவுன்சிலரிடம் காட்டினேன், அவர் கையொப்பம் வைத்தார். ஒரு தரகரைத் துரத்த நான் செய்த கெட்டித்தனம். அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனால், முடிந்து வெளியே வரும்போது என்னைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் வரிக் கடிதம், இன்னொருவர் கையில் வாகன அபராதம். "கவுன்சில் அண்ணை" என்றுதான் பெயர். கடிதத்தை வாசித்துச் சொல்வேன், அதற்கு மேல் தொடமாட்டேன். அப்படியிருந்தும் ஒருவர், தன் பக்கத்து வீட்டுக்காரருக்கு வீட்டை நீட்டிக் கட்ட அனுமதி கிடைத்ததும் தனக்குக் கிடைக்காததும் என் வேலைதான் என்று முடிவு செய்து, கவுன்சிலுக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதிவிட்டார். இந்த ஆள் தன்னுடைய ஆட்களுக்குச் செய்து கொடுக்கிறார் என்று. பக்கத்து வீட்டுக்காரரும் தமிழர், எழுதியவரும் தமிழர். இதில் யார் என்னுடைய ஆள் என்று எனக்கே தெரியவில்லை.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், விசாரணை நடந்தது. என் மின்னஞ்சல்களை எல்லாம் திறந்து பார்த்தார்கள். குற்றம் இல்லை என்று கடிதம் தந்தார்கள். ஆனால் அந்த ஆறு கிழமையும் நான் அறைக்குள் போகும்போது பேச்சு நின்றதை மறக்க முடியவில்லை. சூடு கண்ட பூனை என்பார்களே, அதுதான். அதன் பிறகு பூசை முடிந்ததும் பக்கக் கதவால் வெளியே போகப் பழகிக்கொண்டேன். தமிழ்ப் பெயர் உள்ள கோப்பு மேசைக்கு வந்தால் என் முதுகு தானாக நிமிரும். இதை நான் நேர்மை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் மாலை வேளையில் துப்புரவு செய்தவர்களில் ஒருவர் றெஜினா. மன்னார்ப் பக்கத்தவர், நான் பூசைக்குப் போகும் அதே கோயில் பங்கு. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஐந்தரைக்கு வந்து எங்கள் மாடியில் தொடங்குவார். அதிகம் பேசமாட்டார். என் மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பையைக் கழுவி, கைபிடி என் வலப்பக்கம் வரும்படி வைப்பார். நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

அவருடைய கணவர் மரியதாஸ் ஒரு பேக்கரியில் வேலை செய்தவர். பழைய கவுன்சில் அடுக்குமாடி ஒன்றில், ஆறாம் மாடியில் இருந்தார்கள். மரியதாஸ் நெஞ்சு வலியில் விழுந்த அன்று ஆம்புலன்ஸ் உடனே வந்துவிட்டது. ஆனால் ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோக அந்த லிஃப்டில் இடம் இல்லை. நாற்காலி ஒன்றில் இருத்தி, பட்டியால் கட்டி, படியால் இறக்கினார்கள். செத்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன். றெஜினா யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அதற்கு அடுத்த வருடம், குழுவுக்குத் தொண்டர்கள் தேவை என்ற அறிவித்தலை எங்கள் மாடிப் பலகையில் ஒட்டியிருந்தேன். ஒரு மாலை தூசி துடைத்துக்கொண்டு நின்றவர், அதை முழுவதும் வாசித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அண்ணை, இது எங்களைப் போல ஆக்களும் போடலாமோ?"

இங்கே இருக்கிற யாரும் போடலாம் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நீங்கள் போட வேண்டும் என்ற சொல் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நாளைக்கு யாராவது, அவர்தான் அவவைப் போடச் சொன்னவர் என்று சொன்னால்?

தெரிவு முறை இதுதான். விண்ணப்பங்கள் வந்ததும் பெயரும் முகவரியும் உள்ள முதல் தாளை நான் கழற்றி என் மேசை லாச்சியில் பூட்டி வைப்பேன். மற்றத் தாள்களில் ஓர் இலக்கம் போடுவேன். விண்ணப்பித்தவருக்குப் போகும் கடிதத்திலும் அதே இலக்கம் இருக்கும். தலைவியான கவுன்சிலர், வெளியிலிருந்து வரும் ஒரு கட்டடக்கலைஞர், நான், மூன்று பேரும் வாசித்துப் புள்ளி போடுவோம். எழுதியது யார் என்று மற்ற இருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், லாச்சித் திறப்பு என்னிடம்தானே. ஆட்களைத் தெரிந்த நானே புள்ளியும் போடுவது பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. என்னை எல்லோரும் நம்பினார்கள்.

றெஜினாவின் விண்ணப்பத்துக்குப் பதினோராம் இலக்கம் வந்தது. பெரிய ஆங்கில எழுத்துகளில், பேனாவால், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். எத்தனை தரம் வேறு தாளில் எழுதிப் பார்த்தாரோ தெரியாது. நீங்கள் இருக்கும் இடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது என்ன என்பது இரண்டாம் கேள்வி. குப்பைத் தொட்டி அறையின் மணம் எந்த மாடி வரை வரும், தாய்மார் வேலையால் வரும்வரை பிள்ளைகள் எந்தப் படியில் இருப்பார்கள், எந்த விளக்கு அணைந்தால் பெண்கள் எந்த வழியால் சுற்றிப் போவார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார். கடைசியில் லிஃப்ட். என் கணவர் மூன்றாம் மாடியில் கண்ணை மூடினார், அதன் பிறகும் அவரை இருத்தியபடிதான் இறக்கினார்கள் என்று எழுதி, கீழே ஒரு வரி: மனிதன் போகிற நேரத்தில் படுத்துக்கொண்டு போக இடம் வேண்டும்.

விண்ணப்பம் போட்டதற்கும் தெரிவுக் கூட்டத்துக்கும் இடையில் பத்துக் கிழமை. அதற்குள் அந்த அடுக்குமாடியை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்று முடிவாகி, ஆட்களைக் கிளப்பத் தொடங்கிவிட்டார்கள். அலுவலக மொழியில் இதற்கு 'டீகான்ட்' என்று பெயர். ஒரு போத்தலில் இருப்பதை இன்னொரு போத்தலுக்குள் ஊற்றுவதற்குச் சொல்லும் சொல். றெஜினாவை ஊற்றிய இடம் தேம்ஸுக்கு அந்தப் பக்கம், கிழக்கே, வேறு ஒரு கவுன்சிலின் எல்லைக்குள். புதுக் கட்டடம் முடிந்ததும் திரும்பி வரலாம் என்று எழுத்தில் உறுதி கொடுத்திருந்தார்கள். இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிடித்து அவர் வேலைக்கு வந்து போனார்.

ஒரு மாலை என் மேசைக்கு வந்து, நாலாக மடித்த ஒரு தாளைத் தந்தார். முகவரி மாறினால் அறிவிக்க வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்ததாம். மேலே இலக்கத்தையும் எழுதியிருக்கிறேன், உங்களுக்குத் தேடுகிற வேலை இருக்காது என்றார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திராது.

தெரிவுக் கூட்டம் இரண்டாம் மாடிச் சிறிய அறையில் நடந்தது. இலக்கங்களையும் புள்ளிகளையும் நான் வெள்ளைப் பலகையில் எழுதினேன். பதினொன்று எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. கட்டடக்கலைஞர் இளம் ஆள். அந்த லிஃப்ட் பகுதியை இரண்டு தரம் வாசித்ததாகவும், படிக்கிற காலத்தில் இதை ஒருவரும் தனக்குச் சொல்லித் தரவில்லை என்றும் சொன்னார். தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பிறகு தகுதி சரிபார்க்கும் கட்டம். பதினொன்று இப்போது நம் எல்லைக்குள் வசிக்கவில்லை என்று நான் சொன்னேன். ஏன் என்று தலைவி கேட்டார். கட்டடம் இடிபடுகிறது, நாம்தான் மாற்றினோம் என்றேன். அவர் பலகையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த விதிகளை எழுதியவர் நீங்கள். பதினொன்றை வைத்திருக்க ஏதாவது வழி இருக்கிறதா?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, வழி ஒன்றல்ல, மூன்று இருந்தது. இவர் இன்னும் நம்முடைய குடியிருப்பாளர், திரும்பி வர எழுத்தில் உரிமை கொடுத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். வேலை செய்பவர் என்ற சொற்களைப் போன வருடம் நானாகத்தான் எடுத்தேன், அவை இருந்திருந்தால் இவருக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நாம் இருக்கும் இந்த அறையையே துப்புரவு செய்பவர் இவர்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லப் பயமாக இருந்தால், எனக்கு இவரைத் தெரியும், இந்தக் கேள்வியை என்னிடம் கேட்க வேண்டாம், சட்டப் பிரிவிடம் கேளுங்கள் என்று எழும்பி வெளியே போயிருக்கலாம். தலைவி கேட்ட கேள்வியிலேயே அவர் மனம் தெரிந்தது. நான் ஒரு நூல் கொடுத்திருந்தால் பிடித்திருப்பார்.

நான் "இல்லை" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. என் மனதில் அந்த நேரத்தில் றெஜினாவும் இல்லை, மரியதாஸும் இல்லை. அந்த ஆறு கிழமைதான் இருந்தது. முதல் இடத்தில் வந்தவர் தமிழர், அதுவும் அதே கோயில், அதுவும் விதியை வளைத்து உள்ளே வந்தவர் என்று யாராவது கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று மட்டும்தான் இருந்தது.

பேனாவை எடுத்துப் பதினொன்றின் மேல் ஒரு கோடு போட்டேன். பாவம் என்றார் கட்டடக்கலைஞர். பன்னிரண்டாவது இடம் பறவைக் கூடுகளைப் பற்றி அழகாக எழுதியிருந்த ஒருவருக்குப் போனது. நாங்கள் கோப்புகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். கோப்பைகளையும் பலகையையும் மாலையில் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வது வழக்கம்.

வருந்துகிறோம் என்ற வழக்கமான கடிதம் போனது. அடுத்த கிழமை றெஜினா என் மேசையருகில் நின்று, கடிதம் வந்தது அண்ணை, பரவாயில்லை என்றார். கோப்பையைக் கழுவி வைத்தார். கைபிடி வலப்பக்கம் இருந்தது. சில மாதத்தில், தூரம் தாங்காமல் வேலையை விட்டுவிட்டார். தெரிவாகாதவர்களின் விண்ணப்பங்களை ஆறு மாதத்தில் அழித்துவிட வேண்டும். அழிக்கும் தாள்களைப் போடும் சாக்குப் பையில் பதினொன்றையும் நானே போட்டேன்.

புதுக் குழுவின் முன் வந்த முதல் திட்டம், அந்த அடுக்குமாடி இருந்த இடத்தில் எழும்பப்போகும் புதுக் கட்டடம். பெரிய வரைபடங்களை மேசையில் விரித்தார்கள். செங்கல்லின் நிறத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார்கள். பிறகு மரம். பிறகு சைக்கிள் நிறுத்துமிடம். தெரிவுக் கூட்டத்துக்கு வந்த கட்டடக்கலைஞர் இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். என் கண் படிக்கட்டுக்குப் பக்கத்தில் லிஃப்டைக் குறிக்கும் இரண்டு சிறு சதுரங்களில்தான் நின்றது. சக்கர நாற்காலி நுழையும், அளவு சட்டப்படி சரி. ஆள் படுக்க முடியாது. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். குறிப்பெடுப்பவர் பேசக்கூடாது என்பது முறை. ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு சொல் எழுதித் தலைவி பக்கம் தள்ளக்கூடாது என்று எந்த முறையிலும் இல்லை. கூட்டம் முடிந்தது. குழு செங்கல் நிறத்தைப் பாராட்டியது என்று எழுதினேன்.

நாலு வருடம் கழித்து றெஜினா திரும்பி வந்தார். ஐந்தாம் மாடி. புது வீட்டைச் செபித்து மந்திரிக்கப் பங்குச் சுவாமியார் வந்த அன்று என்னையும் அழைத்திருந்தார். டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடையில் சூடான ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். மேலே போகும்போது லிஃப்டில் ஒரு பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து, கையை நீட்டிப் பார்த்தேன். விரல் நுனி அடுத்த சுவரில் முட்டியது. கதவு திறந்தபோது றெஜினா வாசலில் நின்றார். என் கை நீட்டியபடியே இருந்தது.

"சின்னன்தான்" என்றார். "ஆனா புதுசு, அண்ணை."

அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரோல்ஸ் ஆறுகிறது என்றேன்.

இந்த வருடம் தவக்காலத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவர் வீட்டில் செபம். ஏழெட்டுப் பேர் இருந்தோம். செபம் முடிந்து தேநீர் ஊற்ற எழும்பியவர், விரிப்பில் கால் தடுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆம்புலன்ஸில் வந்த பெண் மிகவும் பொறுமையானவர். அசைக்காமல் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். பிறகு வெளியே போய் லிஃப்டைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

தூக்குப் படுக்கையில் கட்டி, படியால் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அதைச் சரித்து நிமிர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் றெஜினா கத்தினார். இருபது வருடமாக எனக்குத் தெரிந்த அந்த அமைதியான மனுஷி கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. ஐந்து மாடி, பத்துத் திருப்பம். நான் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். இப்போதும் படி இறங்கும்போது எண்ணுகிறேன்.

நீங்கள் பாடம் கேட்பீர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். நம்மவருக்குச் சலுகை செய்யாதே என்பது விதி, நல்ல விதி. நம்மவர் என்பதற்காக அவருக்கு உரியதையும் மறுத்துவிடு என்று எந்த விதியிலும் எழுதியில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். தெரிந்தவரின் கோப்பு வந்தால், தெரியும் என்று உரக்கச் சொல்லிக் குறிப்பில் ஏற்றுங்கள். சொன்ன பிறகு, உங்களுக்குத் தெரிந்த உண்மை எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள், முடிவை மற்றவர்கள் எடுக்கட்டும். வழி இருக்கிறதா என்று உங்களை யாராவது கேட்டால், உடனே வருகிற பதிலை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் உங்களைக் காப்பாற்ற வருகிற பதில். இதை எழுதுவது சுலபம். எழுதிவிட்டால் ஏதோ கடனை அடைத்துவிட்டது போல இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. அதன் பிறகு றெஜினா ஒன்பது நாள்தான் இருந்தார். நான் ஐந்தாம் நாள் போனேன். ஃப்ளாஸ்கில் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். இரண்டு வாய் குடித்தார். முகம் தெளிவாக இருந்தது. எதையோ நினைத்துச் சிரிப்பது போல் இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"அந்தப் பலகையை நான்தான் துடைச்சனான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் மெல்ல, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். தெரிவுக் கூட்டம் நடந்த அன்று மாலை அந்த அறைக்குத் துப்புரவு செய்யப் போனதாம். பலகையில் இலக்கங்கள் இருந்ததாம். தன் இலக்கம் எல்லாவற்றுக்கும் மேலே நின்றதாம், அதன் மேல் ஒரு கோடாம். கொஞ்ச நேரம் கதிரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு துடைத்ததாம். மற்ற இலக்கங்களை முதலில் துடைத்துவிட்டு, பதினொன்றைக் கடைசியாகத் துடைத்ததாம்.

"எனக்குக் கவலை இல்லை, அண்ணை. முதலாவதா வந்திருக்கிறன்தானே. கோடு போட்டது என்னைத் தெரியாத ஆக்கள். உங்களுக்குக் கடிதம் அனுப்பிற வேலை மட்டும்தானே. நீங்கள் அந்த அறையில இருந்திருந்தா ஒரு சொல்லாவது சொல்லியிருப்பீங்கள்."

இத்தனை வருடமும் அவர் அப்படித்தான் நம்பியிருக்கிறார். கோப்பையின் கைபிடியை வலப்பக்கம் திருப்பி வைத்தபோதும், வீடு மந்திரிக்க அழைத்தபோதும். அந்த நம்பிக்கையோடு அவரைப் போக விட்டிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். என் மனைவி அப்படித்தான் சொல்கிறாள். எனக்கு ஏலவில்லை. இன்னொரு தரம் வாயை மூடிக்கொண்டிருக்க ஏலவில்லை.

"நான் இருந்தனான், றெஜினா" என்றேன். "கோட்டைப் போட்டதும் நான்தான்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பவர் போல நெற்றி சுருங்கியது.

"நான் எழுதினதை நீங்கள் வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான்."

"வாசிச்ச பிறகுமோ, அண்ணை?"

தலைவி கேட்டபோது யோசிக்காமல் வந்த பதில், இவர் கேட்டபோது வரவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தாதி வந்து, அவருக்கு ஓய்வு தேவை என்றார். ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரி லிஃப்ட் மெதுவாக வந்து நின்றது. உள்ளே ஒரு நோயாளியைக் கட்டிலோடு கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அவர் கால் நீட்டிப் படுத்திருந்தார். வாருங்கள், இடம் இருக்கிறது என்று ஊழியர் கூப்பிட்டார். கட்டிலைச் சுற்றி இன்னும் மூன்று பேர் நிற்க இடம் இருந்தது. நான் ஏறவில்லை. படியால் இறங்கினேன்.